ஏழு அடி ட்ராக்கில் "ஒன்று" எங்கே விழுகிறது?

கிற்றாரில் 4/4 ட்ராக்குகளுக்கு மேலே மனோதர்மமாக வாசிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். போன வருடம் முதன்முறையாக 7/8 இல், அதாவது சுற்றுக்கு ஏழு அடியில், ஒரு பின்னணி ட்ராக் போட்டேன். ஏ மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர வரிசை, எல்லாம் தெரிந்த சுரங்கள்தான். ஆனால் விரலில் ஊறிப்போன பிடிகள் (சின்னச் சின்னச் சுரக் கோவைகள்) எல்லாம் நான்கு நான்காக இருந்தன. ட்ராக் ஏழில் திரும்பிவிடும், நான் எட்டாவதில் போய் நிற்பேன். எண்ணிக்கொண்டே வாசித்தால் சுரம் வராது. எண்ணாமல் விட்டால் "ஒன்று", அதாவது சுற்றின் முதல் அடி, தொலைந்துவிடும். இரண்டு மாதம் இப்படியே போனது.

எங்கள் வீடு இணுவிலில், தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர். பின் ஒழுங்கையில் வயதான தவில்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு பின்னேரம் படலையடியில் நின்று கேட்டுவிட்டு, "தம்பி, நீர் எண்ணுறீர். எண்ணாதையும், வாயால சொல்லும்" என்றார். மதிலில் தட்டி "தகிட தக திமி" என்று சொல்லிக் காட்டினார். மிஸ்ர சாபு, கர்நாடக இசையின் ஏழு அடித் தாளம், 3+2+2. ஏழு என்ற எண்ணே மறைந்துபோய், ஒரு நீளம் இரண்டு குட்டை என்று உடம்புக்கு விளங்கியது. அன்றிரவு கரண்ட் போகும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ட்ராக்கோடு சேர்த்துச் சொன்னால் பொருந்தவே இல்லை! பிறகுதான் கவனித்தேன், அந்த ட்ராக் 2+2+3. சொல்லைத் திருப்பிப் போட வேண்டும்: "தக திமி தகிட". இதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குவோம் என்று நினைக்கிறேன். 5/4 இலும் இதே கதை. ஐந்து அடித் தாளமான கண்ட சாபு 2+3, ஆனால் நான் பழகிய 5/4 ட்ராக்குகள் பெரும்பாலும் 3+2. ஆகவே இப்போது முதல் பத்து நிமிடம் கிற்றாரைத் தொடுவதில்லை. பேஸும் டிரம்ஸும் எங்கே அழுத்துகின்றன என்று கேட்டு, சொல்லை வாயால் பொருத்துவேன். யூரியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் இன்னும் தெளிவாகக் கேட்கும். அப்புறம் ஒரே ஒரு சுரத்தை வைத்து அந்தத் தாளத்தை வாசிப்பேன். அதன் பிறகுதான் மற்றச் சுரங்கள்.

பழைய நான்கு சுரப் பிடிகளையும் எறிய வேண்டாம். எட்டாம் சுரங்களாக (இங்கே ஓர் அடிக்கு ஒரு சுரம்) வாசிக்கும் நான்கு சுரப் பிடியை 7 தடவை விடாமல் வாசித்தால் 28. அது சரியாக 7/8 இன் 4 பார், அதாவது 4 சுற்று. நடுவில் ட்ராக்கோடு முட்டிக்கொண்டு போகும், பயப்படாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஐந்தாவது பாரின் முதல் அடியில் இரண்டும் சேரும். அந்த இடத்தில் வரும் சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்றும் செய்து பாருங்கள். "ததிங்கிணதொம்" என்ற சொல் ஐந்து அடி. முதல் அடியில் தொடங்கி இடைவெளி விடாமல் மூன்று தடவை வாசித்தால் 15. இரண்டு பார் 14 என்பதால், கடைசித் "தொம்" மூன்றாம் பாரின் "ஒன்றில்" நச்சென்று விழும். சுரம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தத் "தொம்" மட்டும் மூலச் சுரமாக இருந்தால் கேட்பவர் தலையாட்டுவார்.

⁂

அண்ணா, நான் குருநகரிலிருந்து. பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். எனக்குத் "தகிட தக திமி" மாதிரிச் சொற்கட்டு தெரியாது, தேவாலயப் பாடகர் குழுவில்தான் பழகினேன். நான் ஏழைப் பிடித்தது நடந்துதான். பண்ணைக் கடற்கரையோரம் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒரு எட்டாம் சுரத்துக்கு ஒரு காலடி என்று மெதுவான ட்ராக்குக்கு நடப்பேன். ஏழு ஒற்றைப்படை என்பதால் "ஒன்று" ஒருமுறை வலது காலில் விழும், அடுத்த பாரில் இடது காலில் விழும். முதல் வாரம் கால் பின்னிக்கொண்டது. கால் மாறுவது பழகியபின் கைக்கு வேலையே இல்லாததுபோல் இருந்தது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் எங்கள் குழு 7/4 இல் ஒரு பாட்டு வாசித்தது. தனி வாசிப்பு வந்ததும் கிற்றார் வாசித்தவர் 4/4 க்கு மாறிவிட்டார், நாங்கள் ஏழிலேயே நின்றோம். பாட்டு அங்கேயே உடைந்தது. அவரில் கோபப்பட்டேன். ஆனால் பிங்க் ஃபிளாய்ட் என்ற ரொக் குழுவின் "மணி" பாட்டில், 1973 இல் வந்தது, சாக்ஸபோன் 7/4 இல் வாசிக்கிறது, கிற்றார் தனி வாசிப்புக்கு மொத்தக் குழுவும் 4/4 க்கு மாறுகிறது. அப்படி மாறுவது பிழையில்லை, முன்கூட்டியே பேசி எல்லாரும் சேர்ந்து மாற வேண்டும். சரிதானே?

⁂

தங்கச்சி, நூறு வீதம் சரி. நடை விஷயம் எனக்குப் புதிது, நாளைக்கே நடந்து பார்க்கிறேன்.

நேற்று அந்தத் தவில்கார ஐயாவுக்குத் துருக்கிய 9/8 ட்ராக் ஒன்று போட்டுக் காட்டினேன், 2+2+2+3. இதையும் திருப்பித்தான் போட வேண்டிவரும் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தொடையில் தட்டி "தக திமி தக தகிட" என்றார். சங்கீர்ணம், அதாவது ஒன்பது. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை, முதல் அடியிலிருந்தே பொருந்தியது. "இது எங்கட சாமான்தானே தம்பி, இன்னொருக்கால் போடும்" என்றார்.