மாருதி 800 கார்ப்பரேட்டர்: சூடேறியதும் ஸ்லோவில் ஆஃப் ஆகிறது

மஞ்சக்குப்பம், கடலூர்:
வணக்கம். 1996 மாடல், ஏசி இல்லை. காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சூடேறியபின் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்லோவில் (ஐடிலிங்) விட்டால் ஆஃப். ஓட்டும்போது மிஸ்ஸிங் இல்லை, இழுவையும் குறையவில்லை. பாண்டி போனால் மரப்பாலம் சிக்னலில் ரேஸ் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. ஸ்லோ ஸ்க்ரூவை முடுக்கி வைத்தால் ஆஃப் ஆகவில்லை, ஆனால் இரைச்சல், பெட்ரோலும் குடிக்கிறது. பிளக் புதுசு. கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
அவசரப்படாதீங்க சார். இன்ஜின் ஓடும்போது மிக்சர் ஸ்க்ரூவை (ஸ்லோ லைனில், அதாவது ஸ்லோவுக்கான பெட்ரோல் பாதையில், கலவையின் அளவை மாற்றும் ஸ்க்ரூ) மெதுவா உள்ளே முடுக்குங்க, எத்தனை சுற்றுன்னு எண்ணிக்கிட்டே. ஸ்லோ லைன் சரியா இருந்தா கடைசியில் இன்ஜின் தடுமாறி ஆஃப் ஆகணும். ஒரு மாற்றமும் இல்லைன்னா அந்த லைனில் பெட்ரோலே வரலை. நீங்க ஸ்லோ ஸ்க்ரூவை முடுக்கினதால த்ராட்டில் பிளேட் திறந்து, மேலே உள்ள துளை வழியா பெட்ரோல் இறங்குது. இரைச்சலும் செலவும் அதனாலதான்.

அடுத்து சோலனாய்டு, அதாவது சாவியை ஆன் பண்ணினா ஸ்லோ லைனைத் திறக்கும் கரண்ட் வால்வு. இன்ஜினை ஓட்டாம சாவியை மட்டும் ஆன் பண்ணி, வயரைக் கழற்றி மறுபடி தொடுங்க. "டிக்"னு கேட்கணும்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
மிக்சர் ஸ்க்ரூவை அடிவரை முடுக்கியும் மாற்றம் இல்லை. டிக் சத்தமும் இல்லை. ஆனால் வயரில் டெஸ்ட் லாம்ப் நன்றாக எரிகிறது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
கரண்ட் வருது, அப்போ எர்த்தைப் பாருங்க. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று முனைகளில் பச்சை பூக்க வைக்கும். சோலனாய்டு உட்காரும் இடத்தையும், எர்த் வயர் தனியா இருந்தா அதன் முனையையும் உப்புத்தாளால் தேய்ங்க. அப்பவும் டிக் இல்லைன்னா சோலனாய்டுதான் போச்சு. அதன் ஊசியை வெட்டிவிட்டு ஓட்டலாம்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க. சாவியை ஆஃப் பண்ணின பிறகும் இன்ஜின் இடிச்சு இடிச்சு ஓடும்.

கழற்றும்போதே ஸ்லோ ஜெட்டையும் (ஸ்லோ லைனுக்குப் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) சுத்தம் பண்ணிடுங்க. கிளீனர் அடிச்சு காற்று ஊதினா போதும். கம்பி விட்டா துளை பெருசாகும், அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

மஞ்சக்குப்பம், கடலூர்:
எர்த்தைத் தேய்த்ததும் டிக் வந்துவிட்டது! ஜெட்டும் சுத்தம். இப்போது மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பினால் இன்ஜின் வேகம் மாறுகிறது. ஆனால் ஸ்லோ ஏறி இறங்குகிறது.

அரியாங்குப்பம்:
எங்கேயோ தப்புக்காற்று இழுக்குது. கார்ப்பரேட்டர் அடி கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸ் முனை, பிரேக் பூஸ்டர் இருந்தா அதன் ஹோஸ். ஒவ்வொரு ஹோஸையும் இடுக்கியால் அழுத்துங்க. எதை அழுத்தும்போது ஸ்லோ சீராகுதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பி வெடிக்குது, அதனால் பழசை எல்லாம் மாற்றிடுங்க. பெட்ரோல் அடிச்சு லீக் பார்க்காதீங்க, சைலன்சர் குழாய் சூட்டில் தீப்பிடிக்கும்.

பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் முனைகளின் இடைவெளி) 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8. இதைப் பார்த்த பிறகுதான் ட்யூனிங். சோக் முழுசா திறந்து, லைட் அணைத்து, ஃபில்டர் மாட்டி, இன்ஜின் நல்லா சூடேறணும். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவா அடிவரை முடுக்கி (இறுக்கினா ஊசி முனையில் பள்ளம் விழும்) இரண்டு சுற்று வெளியே எடுங்க. ஸ்லோ 900 (நிமிடத்துக்கு 900 சுற்று) வையுங்க. பிறகு மிக்சரை கால் சுற்றா திருப்பி வேகம் அதிகமா ஏறும் இடத்தைப் பிடிச்சு, மறுபடி ஸ்லோவை 900க்கு இறக்குங்க.

சுற்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரில் கவனம்: இது மூணு சிலிண்டர். நாலு சிலிண்டரில் வெச்சுப் பார்த்தா 900க்கு 675தான் காட்டும்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸ் முனைதான் வெடித்திருந்தது. மாற்றினேன், 900ல் அசையாமல் ஓடுகிறது. மிக்க நன்றி. லேசான நடுக்கம் மட்டும் இருக்கிறது.

அரியாங்குப்பம்:
மூணு சிலிண்டருக்கு அவ்வளவு நடுக்கம் இருக்கும் சார். ரேஸ் கொடுத்து விட்டுப் பாருங்க, உடனே 900க்குத் திரும்பணும். தாமதமா இறங்கினா ஆக்சிலேட்டர் கேபிளைக் கொஞ்சம் தளர்த்துங்க.