கல்லூரி குவார்ட்டர்பேக்கை எப்படி எடை போடுவது? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் டிராஃப்ட்டை, அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பதை, ஆர்வமாகப் பின்தொடர்கிறேன். ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் என் கணிப்பு திரும்பத் திரும்பத் தப்புகிறது.

2018-இல் வயோமிங் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனை நான் ஒதுக்கிவிட்டேன். கல்லூரியில் அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் ஆள் கையில் சேர்ந்தது. பஃபலோ அணி அவரை 7-ஆவதாக எடுத்தது. 2024 சீசனுக்கு எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆகிவிட்டார். நான் நம்பிய ஜாஷ் ரோசன் 10-ஆவதாகப் போனார், நிலைக்கவில்லை.

இப்போது ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். முதல் ரிசீவர் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) மறிக்கப்பட்டதும் தலை அடுத்தவர் பக்கம் திரும்புகிறதா, எதிராளி பாய்ந்து வரும்போது கால்கள் பதறுகின்றனவா என்று குறித்துக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால், பல கல்லூரி அணிகளில் பக்கக்கோட்டில் நிற்கும் பயிற்சியாளரிடமிருந்தே சைகை வந்துவிடுகிறது, பந்தும் சட்டென்று கையை விட்டுப் போய்விடுகிறது. இதில் பையனின் சொந்த முடிவு எது என்று எப்படிப் பிரிப்பது? மூன்றாவது டவுனை (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதை) மட்டும் பார்த்தால் போதுமா?

அப்புறம், டிவியில் தூரத்து ரிசீவர்கள் தெரிவதே இல்லை. மைதானம் முழுவதும் தெரியும் காட்சிகள் கல்லூரி ஆட்டங்களுக்கு எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.