மவுண்ட் என்பதற்குக் ‘கொளுவு’: பார்ட்டிஷன் சொற்கள் பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

பார்ட்டிஷனுக்கு (கணினி வட்டைப் பிரித்தால் வரும் தனித்தனிப் பகுதிக்கு) ‘பகிர்வு’ என்றே வைத்துவிடலாம் என்று மதுரை அண்ணர் எழுதியதற்குப் பதில் இது. கூடவே மவுண்ட் (அந்தப் பகுதியை ஒரு கோப்புறையில் சேர்த்து உள்ளே போக வழி செய்வது) என்பதற்கும் ஒரு சொல்லை முன்வைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்காக லினக்ஸ் நிறுவும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் முட்டிக்கொள்வது அங்கேதான் தெரிகிறது. (லினக்ஸ், விண்டோஸ் போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு எங்கள் பாடநூலில் ‘பணிசெயல் முறைமை’, உங்களிடம் ‘இயங்குதளம்’. அந்த வழக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

‘பகிர்வு’ தனியாக நிற்கும்போது நல்ல சொல்தான். ஆனால் போனில் படம் அனுப்ப அழுத்துகிற பொத்தானிலும் ‘பகிர்’ என்றுதான் இருக்கிறது. ஒரு பார்ட்டிஷனை நெட்வொர்க்கில் மற்றக் கணினிகளுக்குத் திறந்துவிட்டால் எப்படி எழுதுவது? ‘பகிரப்பட்ட பகிர்வு’ என்றா? திரையில் ‘புதிய பகிர்வை உருவாக்கு’ என்று வாசித்த பிள்ளை ஒருத்தி, “ஆரோட, சேர், பகிர்றது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

‘பிரிவினை’ என்ற சொல்லை இலங்கையில் யாரும் கணினித் திரையில் நிம்மதியாக வாசிக்கமாட்டார்கள், விடுங்கள். ‘துண்டு’ காதுக்குப் பழகியது, ஆனால் ஒரு கோப்பு வட்டில் சிதறிக் கிடப்பதைச் சொல்லவும் துண்டு வேண்டுமே. எஞ்சுவது தமிழாக்கம் செய்கிறவர்கள் சிலர் ஏற்கெனவே புழங்கும் ‘வகிர்வு’. வகிர்தல் என்றால் கீறிப் பிளத்தல். இப்போதைக்கு வேறெந்த வேலைக்கும் போகாத சொல் என்பதே அதன் பெரிய தகுதி. என் வாக்கு அதற்குத்தான்.

வகிர்வை ‘அழி’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். ஒரு வகிர்வை அகற்றும்போது உள்ளே இருக்கும் கோப்புகளை யாரும் தொடுவதில்லை. எது எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்று சொல்லும் அட்டவணையில் ஒரு வரி போகிறது, அவ்வளவுதான். உறுதிப் பத்திரம் எரிந்துபோனாலும் காணி கிடக்கிற மாதிரி. அதனால்தான் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளால் தொலைந்த வகிர்வைத் தேடி எடுக்க முடிகிறது, அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால். ஆகவே அட்டவணையிலிருந்து எடுப்பதற்கு ‘நீக்கு’, தரவையே இல்லாமல் ஆக்குவதற்கு ‘துடை’. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் ஒன்று, பிள்ளை தேவையில்லாமல் பயப்படும், இல்லாவிட்டால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாது.

முதன்மை, நீட்டித்த, தருக்க (பிரைமரி, எக்ஸ்டெண்டட், லாஜிக்கல்) என்ற மூன்று வகை வகிர்வுக்கும் நாங்கள் மல்லுக்கட்டத் தேவையில்லை. வகிர்வு அட்டவணையை எழுதும் பழைய எம்பிஆர் முறையில் அட்டவணைக்கு மொத்தம் 64 பைட், ஒரு பதிவுக்கு 16 பைட். நாலுக்கு மேல் இடமில்லை என்பதால் வந்த சுற்றுவழி அது. அதற்குப் பின் வந்த ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பதிவு வைக்கலாம், அந்தப் பாகுபாடே கிடையாது. இருக்கிற சொற்களே போதும்.

சரி, மவுண்ட். இதுதான் கஷ்டம்.

லினக்ஸில் சி, டி என்று டிரைவ் எழுத்துகள் இல்லை. (விண்டோஸ் சி-யில் தொடங்குவது, ஏ-யும் பி-யும் ஃபிளாப்பிக்குப் போனதால்.) ஒரே வேர், அதற்குக் கீழே கோப்புறைகள். வகிர்வை உண்டாக்கி ஃபார்மட் பண்ணினாலும், ஒரு கோப்புறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை உள்ளே போக வழியில்லை. அந்தக் கோப்புறையில் முன்பே ஏதும் இருந்தால் அது அழிவதில்லை, மறைந்து நிற்கும். வகிர்வை அங்கிருந்து எடுத்துவிட்டால் திரும்பத் தெரியும். இந்த வேலைக்கு ‘ஏற்று’ என்றால் அப்லோட் நினைவுக்கு வரும். ‘இணை’ என்றால் கேபிளா, கோப்பா, வைஃபையா என்று கேட்க வேண்டும்.

‘பூட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வண்டிலில் மாடு பூட்டுகிற பூட்டு. எனக்கும் பிடித்ததுதான். ஆனால் வகிர்வுகளை மாற்ற உதவும் ஜிபார்ட்டெட் மென்பொருளைத் திறந்து பாருங்கள்: மவுண்ட் ஆகியிருக்கும் வகிர்வின் பக்கத்தில் ஒரு சிறிய சாவிப் படமோ பூட்டுப் படமோ இருக்கும். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவில்) தொடங்கினாலும் சிலவேளை ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம்) தானாக இயங்கி அந்தப் படத்தோடு நிற்கும், அதை நிறுத்தாமல் அளவை மாற்ற விடாது. அந்தத் திரையில் ‘பூட்டப்பட்டுள்ளது’ என்று போட்டால் கடவுச்சொல் என்ன என்றுதான் எவரும் கேட்பார்கள்.

தமிழகத்து வழக்கில் ‘மாட்டு’ வரும், தெரியும். ஏவலாக நன்றாயிருக்கிறது. மவுண்ட் ஆகும் கோப்புறைக்குப் பெயராக்கினால் ‘மாட்டிடம்’. லினக்ஸை நிறுவும் நிரல் ‘மாட்டிடம் எது?’ என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன்.

எங்களிடம் ‘கொளுவு’ இருக்கிறது. சட்டையை ஆணியில் கொளுவுவோம், லான்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) பெட்டியைக் கொளுவுவோம். எங்கள் பக்கம் பலர் ழகரம் போட்டு எழுதுவார்கள், அகராதியில் ளகரத்தோடு இருக்கிறது. உறைவிடம் போலக் கொளுவிடம் என்று பெயரும் சுலபமாக வருகிறது. அந்தக் காலத்துப் பெரிய கணினிகளில் நாடாச் சுருளையும் வட்டுப் பொதியையும் ஆளே தூக்கிப்போய் இயந்திரத்தில் கொளுவினார், மவுண்ட் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். எதிர்ச்சொல் ‘கழற்று’. பென் டிரைவைக் கழற்றாமல் இழுத்துவிட்டால், எழுத வேண்டியதில் பாதி நினைவகத்திலேயே தங்கிப்போகலாம் என்பதை விளக்கவும் அது வசதி: இழுப்பது வேறு, கழற்றுவது வேறு.

ஒரு தடை சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். எங்களூரில் கொளுவல் என்றால் சண்டை. அதனால் ‘கொளுவல்’ வேண்டாம், தொழிற்பெயருக்குக் ‘கொளுவுதல்’ போதும்.

ஃபார்மட் என்பதை இப்போதைக்கு அப்படியே விடுகிறேன். ‘வடிவமை’ என்றால் போஸ்டர் கீறுகிறவர் வந்து நிற்பார். திருச்சி, கோவைப் பக்கத்தவர்களுக்குக் ‘கொளுவு’ காதில் எப்படி விழுகிறது? மறுப்பிருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.