ரோலண்ட்சனின் மரண நடனம்: ஒரே படம், இரண்டு பிரதியில் இரண்டு நிறம் ஏன்?

கேள்வி:
தாமஸ் ரோலண்ட்சன் வரைந்து, லண்டனில் ஆக்கர்மன் 1815-16இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'இங்கிலீஷ் டான்ஸ் ஆஃப் டெத்' (மரண நடனம், அதாவது எலும்புக்கூடாக வரும் மரணம் மனிதர்களைக் கொண்டுபோகும் படவரிசை) நூலின் இரண்டு ஸ்கேன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். உறைந்த பனிமேல் சறுக்குகிறவர்களை எலும்புக்கூடு கவிழ்க்கும் படத்தில் கோடுகள் அப்படியே ஒன்றுதான், ஆனால் உடைகளின் நிறம் ஒத்துப்போகவே இல்லை. ஒன்றில் மட்டும் பிற்காலத்தில் யாராவது வண்ணம் பூசியிருப்பார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
நிறம் மாறுவதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். இதில் வண்ணம் அச்சில் வந்தது இல்லை. செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்தெடுத்து, நிழலுக்கு அக்வாடின்ட் செய்வார்கள், அதாவது பிசின் பொடியைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து அமிலத்தில் இட்டால் பொடிகளுக்கு நடுவே தகடு அரிபட்டு அங்கே மை தங்கும், தாளில் அது சாம்பல் நிறப் பூச்சுபோல விழும். அப்புறம்தான் வண்ணக்காரர்கள் ஒரு மாதிரியைப் பார்த்துத் தாள் தாளாக நீர்வண்ணம் தீட்டினார்கள். 70க்கு மேல் படங்கள், ஒவ்வொரு பிரதிக்கும் அத்தனையும் கையால்! கை மாறினால் நிறமும் மாறும். படங்களுக்குச் செய்யுள் எழுதிய வில்லியம் கூம், கடனுக்காகச் சிறைப்பட்டு வாழ்ந்தவர், அவரையும் விடாமல் படியுங்கள்.

பதில் 2:
முதல் பதில் சரி, ஆனால் தாளையும் பார்க்க வேண்டும். அக்கால ஆங்கிலேயத் தாள்களில் ஆண்டு பல நேரம் நீர்க்குறியாகவே, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதியும் குறியாகவே இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். 1816க்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் அந்தத் தாள் பிறகு அச்சானது, வண்ணமும் அதற்குப் பிறகுதான். ஸ்கேனில் இது தெரியாது, வைத்திருக்கும் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பார்த்துச் சொல்வார்கள்.

பதில் 3:
சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு சுவரில் இருந்த மரண நடன ஓவியத்தைச் செதுக்குக் கலைஞர் மேரியன் தகடுகளில் நகலெடுத்த நூலில்தான் உண்மையாகவே கவனம் தேவை. அந்த 17ஆம் நூற்றாண்டுத் தகடுகள் கறுப்பு மையில் அச்சாகி விற்றவை, வண்ணம் இருந்தால் வாங்கியவரோ பின்னால் வந்த வியாபாரியோ பூசவைத்தது. குரோம் மஞ்சள் தெரிந்தால் அது பிற்காலப் பூச்சுதான், சந்தேகமே வேண்டாம், அந்த நிறமி 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. செம்புப் பச்சை பூசிய இடத்தில் தாளின் பின்பக்கம் பழுப்பேறியிருந்தால் பழைய வண்ணமாக இருக்கலாம், அதுவும் உறுதி இல்லை. இந்த வண்ணங்களைப் பார்த்து மூல ஓவியம் இப்படித்தான் இருந்தது என்று பலர் எழுதுவது எனக்குப் பெரிய வருத்தம். அந்த ஓவியம் இருந்த டொமினிக்கன் மடத்து இடுகாட்டுச் சுவரையே 1805இல் இடித்துவிட்டார்கள். அதன் நிறம் வேண்டுமென்றால் பாசல் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுவர்த் துண்டுகளையும், இடிப்பதற்கு முன் 1773இல் எமானுவேல் பியூஷெல் எடுத்த நீர்வண்ண நகல்களையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு நூலகங்களுக்கும் நீர்க்குறி பற்றி இன்றே எழுதுகிறேன். மேரியன் பிரதியில் தாளின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போட்ட நூலகம் ஏதாவது இருக்கிறதா?