நாற்காலியிலிருந்து எழுவதற்கு முந்தைய அரை நொடி

"நிமிர்ந்து உட்கார்" என்றதும் நெஞ்சைத் தூக்கி, இடுப்பை உள்ளே வளைத்து விறைத்துக்கொள்கிறோம். இரண்டு நிமிடத்தில் பழையபடி தொய்ந்துவிடும். உடம்பைத் தேவையில்லாமல் இறுக்கும் பழக்கத்தைக் கவனித்து விடக் கற்றுத்தரும் அலெக்ஸாண்டர் முறையில் (Alexander Technique) புதிதாகச் செய்வதைவிட, செய்துகொண்டிருப்பதை விடுவதுதான் வேலை.

ஒரு கையைப் பிடரியில், மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில், லேசாக வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள். உடம்பு நாற்காலியை விட்டுக் கிளம்பும் முன்பே பிடரித் தசை சுருங்கி, மோவாய் மேலே போவது விரலுக்குத் தட்டுப்படும். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ; அதைப் பின்னால் இழுத்து முதுகெலும்பின் மேல் அமுக்குகிறோம். எழுவதற்கு அந்த இழுப்பு தேவையே இல்லை.

பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். எழ நினைத்ததும் எழாமல், ஒரு மூச்சு விட்டு, கழுத்து இளகட்டும் என்று மட்டும் நினையுங்கள். பிறகு தொடையிடுக்கில் மடிந்து முன்னே சாயுங்கள். பெல்ட் கட்டும் இடத்தில் மடிந்தால் முதுகு கூனிவிடும். எடை பாதத்துக்கு வந்ததும் முழங்கால் தானே நீளும். பத்து முறையில் மூன்று முறை எழாமலே இருந்துவிடுங்கள். எழுந்தே தீரவேண்டும் என்றில்லாதபோதுதான் உடம்பு முன்கூட்டி விறைப்பதை விடுகிறது.

*

இன்னொன்றும் சொல்கிறேன். தலை முதுகெலும்பின் மேல் உட்காரும் மூட்டு இரண்டு காதுகளுக்கும் நடுவில், நாம் நினைப்பதைவிட உயரத்தில் இருக்கிறது. பலரும் கழுத்தின் அடியிலிருந்து குனிந்து கைப்பேசி பார்க்கிறார்கள். வலி அங்கேதான் பிடிக்கிறது.

"நேராகத்தான் இருக்கிறேன்" என்ற உணர்வையும் நம்பாதீர்கள், பக்கவாட்டில் கண்ணாடி வையுங்கள். இந்த முறையை உருவாக்கியவர் அலெக்ஸாண்டர், 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த நடிகர். அவர் மேடையில் குரல் கம்மியதற்குக் காரணம் தேடியதும் கண்ணாடியில்தான். தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை என்று தோன்றிய நேரத்திலும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்.

*

முதுகுவலிக்குப் பலன் உண்டா என்றால், 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, 579 பேரை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. இந்த முறையில் 24 பாடம் கற்றவர்களுக்கு ஓராண்டு கழித்து மாதத்தில் வலித்த நாட்கள் 3, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21. ஆனால் அவை ஆசிரியர் கைவைத்துச் சொல்லித்தந்த பாடங்கள். படித்துவிட்டுச் செய்வது அதற்கு ஈடாகாது.

வீட்டில் தனியாகச் செய்யத் தோதானது படுக்கைப் பயிற்சி. மெத்தை வேண்டாம், தரையில் விரிப்பு போதும். மல்லாந்து, முழங்காலை மடக்கி, தலைக்கடியில் புத்தகங்கள் வைத்து 15 நிமிடம். மோவாய் கூரையைப் பார்த்தால் புத்தகம் போதவில்லை. தொண்டை நெருக்கினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தரையோடு அமுக்காதீர்கள், அதுவும் விறைப்புதான். எழும்போது பக்கவாட்டில் புரண்டு எழுங்கள். நேரே எழும்பினால் 15 நிமிடம் இளகிய பிடரி ஒரே வெட்டில் திரும்ப இறுகிவிடும்.