பவுண்டி கப்பல் கலகம் படம் பாத்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

போன ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல நல்ல மழை, கரண்டும் வந்து வந்து போச்சு, சரின்னு லேப்டாப்ல 1935ல வந்த 'ம்யூட்டினி ஆன் தி பவுண்டி' போட்டேன். 1789ல பவுண்டிங்குற பிரிட்டிஷ் கப்பல்ல கேப்டன் ப்ளையை எதிர்த்து, கிறிஸ்டியன்ங்குற ஆபீசர் தலைமையில நிஜமாவே நடந்த கலகத்தோட கதை. கறுப்பு வெள்ளைன்னதும் அப்பாவும் வந்து உக்காந்துட்டாரு. கேப்டன் ப்ளையா வர்றது சார்லஸ் லாட்டன், அந்த மனுசன் உதட்டைப் பிதுக்கிட்டு நடந்து வந்தாலே நமக்குப் பத்திக்கிட்டு வருது. நம்பியாரைப் பாத்து பாட்டிங்க சாபம் விடுவாங்கள்ல, அப்பா அப்படித்தான் படம் முழுக்கத் திட்டிக்கிட்டே இருந்தாரு. ஒருத்தனைக் கயித்துல கட்டி கப்பலுக்கு அடியால இழுக்குற சீன் வந்தப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

படம் முடிஞ்சு நான் போன்ல தேடிப் படிச்சா, அந்தக் கயிறு சமாச்சாரம் பவுண்டில நடக்கவே இல்லை. கலகக்காரங்களைப் பிடிக்க ப்ளையே கப்பல் எடுத்துட்டுக் கிளம்புற மாதிரி காட்டுறாங்க, அதுவும் இல்லை, போனது பண்டோராங்குற கப்பல், அதுக்கு கேப்டன் எட்வர்ட் எட்வர்ட்ஸ்னு வேற ஆளு. அந்தக் காலத்து மத்த கேப்டனுங்களோட வச்சுப் பாத்தா ப்ளை சவுக்கடி கொடுத்தது கம்மிதானாம். இதை அப்பாகிட்ட சொன்னா "அப்ப ரெண்டு மணி நேரமா நான் யாரலே திட்டுனேன்"ங்குறாரு.

நீங்க எந்தப் படம் பாத்தீங்க, எப்படி இருந்துச்சு?

*

நான் பாத்தது 1962ல வந்த கலர் படம், ப்ராண்டோ நடிச்சது. தாஹிட்டி கடலைக் காட்டும்போது அப்படியே வாயைப் பொளந்து பாத்தேன், ஆனா மூணு மணி நேரம், நடுவுல தூங்கிட்டேன்னு ஒத்துக்குறேன். ப்ராண்டோ மூக்கால பேசுற அந்த இங்கிலீஷ் எனக்கு ஒட்டவே இல்லை. கடைசில எரியிற கப்பலைக் காப்பாத்தப் போயி கிறிஸ்டியன் தீக்காயத்துல செத்துப் போறாரு, அழுகை வேற வந்துச்சு. அப்புறம் பாத்தா அதுவும் கதைதான், பசிபிக் கடல்ல இருக்குற பிட்கெய்ர்ன் தீவுக்குப் போயி கப்பலைக் கொளுத்துனதே கலகக்காரங்கதான், 1790 ஜனவரில, யாரும் தேடி வந்துரக்கூடாதுன்னு. கிறிஸ்டியனை அதுக்கு மூணு வருசம் கழிச்சு அந்தத் தீவுலயே கொன்னுட்டாங்க. இந்தப் படத்துக்குன்னு நிஜமாவே ஒரு கப்பல் கட்டுனாங்க தெரியுமா, அது 2012ல சாண்டி புயல்ல மாட்டி அமெரிக்காவுக்குப் பக்கத்துல மூழ்கிருச்சு, அந்த நியூஸைப் பாத்துட்டுத்தான் நான் படத்தையே தேடுனேன்.

*

தம்பிகளா, நான் தூத்துக்குடி, பதினாலு வருசம் கப்பல்ல ஏ.பி.யா, அதாவது டெக்ல வேலை பாக்குற மாலுமியா ஓடுனவன். மூணு படமும் பாத்தாச்சு. என் ஓட்டு 1984ல வந்த 'தி பவுண்டி'க்குத்தான், ஆண்டனி ஹாப்கின்ஸும் மெல் கிப்சனும். அதுல ப்ளை அரக்கன் இல்லை, வேலை தெரிஞ்ச மனுசன், ஆனா வாயி சரியில்லை. அந்த மாதிரி ஆளு கீழ வேலை பாத்தவனுக்குத்தான் அது எவ்வளவு நிஜம்னு தெரியும்.

எங்க கப்பல் ஒண்ணுல ஒரு கேப்டன் இருந்தாரு. கை நீட்ட மாட்டாரு, சம்பளத்துல கை வைக்க மாட்டாரு, கப்பல் ஓட்டுறதுல புலி. ஆனா சாயங்காலமானா மெஸ் ரூமுக்கு வந்து முட்டை எண்ணுவாரு. ஒரு தடவை கோல்ட் ரூம்ல ஆப்பிள் பெட்டி ஒண்ணு குறையுதுன்னு எல்லாரையும் டெக்ல நிக்க வச்சாரு, நிக்க வச்சு, அவரு கூடவே ரெண்டு மூணு கப்பல்ல ஓடுன சீஃப் ஆபீசர் இருந்தாரு பாருங்க, அவரைப் பாத்து எங்க முன்னாடியே "நீயும் தின்னிருப்ப"ன்னாரு. அந்த ஆளு ஒரு வார்த்தை பேசலை. காதெல்லாம் செவந்து போச்சு. அடுத்த போர்ட்ல சைன் ஆஃப் வாங்கிட்டு இறங்கிட்டாரு. நம்ம காலத்துல இறங்கிப் போக ஒரு போர்ட் இருக்கு, அவனுகளுக்கு என்ன இருந்துச்சு?

இதை எதுக்குச் சொல்றேன்னா பவுண்டில நடந்ததும் இதேதான். 1789 ஏப்ரல் 27, டெக்ல கிடந்த தேங்காயில கொஞ்சம் குறையுதுன்னு ப்ளை ஆபீசர்களை நிக்க வச்சு நீ எத்தனை வாங்குன நீ எத்தனை தின்னன்னு கேட்டு, கிறிஸ்டியனைத் திருடன்னுட்டாரு. அவரும் ப்ளை கூட முன்னாடியே வேற கப்பல்ல ஓடுன ஆளுதான். மறுநாள் விடியிறதுக்குள்ள கலகம். நான் நரகத்துல இருக்கேன், நரகத்துல இருக்கேன்னு கிறிஸ்டியன் கத்துனதா ப்ளையே எழுதி வச்சிருக்காரு. சவுக்கு சவுக்குன்னு சொல்லிட்டு எல்லாரும் இந்தத் தேங்காயை விட்டுர்றாங்க.

ஆனா ப்ளையைச் சும்மா சொல்லக்கூடாது. கலகக்காரங்க அவரையும் அவரு பக்கம் நின்னவங்களையும் நடுக்கடல்ல இறக்கி விட்டது 23 அடிப் படகு, அதுல 19 பேரு. லைஃப்போட் ட்ரில்லுக்கு முட்டியோட முட்டி இடிக்க அரை மணி நேரம் உக்காந்தாலே எனக்குக் கால் மரத்துப் போகும், அவங்க இந்தோனேசியாப் பக்கம் இருக்குற திமோர் தீவு வரைக்கும் 47 நாள், ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல. மேப் கிடையாது, துப்பாக்கி கிடையாது. டோஃபுவா தீவுல ஊர்க்காரங்க ஒருத்தரைக் கொன்னுட்டாங்க, மத்த 18 பேரையும் உயிரோட கொண்டு சேத்துட்டாரு. ரொட்டியை எப்படிப் பங்கு வச்சாரு தெரியுமா, ரெண்டு தேங்காச் சிரட்டையில தராசு கட்டி, துப்பாக்கிக் குண்டை எடைக்கல்லாப் போட்டு. தேங்காயில ஆரம்பிச்ச சண்டை, கடைசில சிரட்டையிலதான் சாப்பாடு!

*

அண்ணை சொன்னது சரி. நான் யாழ்ப்பாணம், நான் 84ல வந்த படத்தை அம்மாவோட இருந்து பாத்தனான். கப்பலில சாடியளில இலை பெரிசா இருந்த கன்றுகளைக் கண்ட உடன அம்மா "உது எங்கட ஈரப்பலா எல்லே" எண்டு கேட்டா. ஓம், அதேதான், இங்கிலீசில ப்ரெட்ஃப்ரூட் எண்டுறது. தாஹிட்டியில இருந்து ஆயிரத்துக்கு மேல கன்று ஏத்தினவங்கள், கேப்டனுக்குரிய பெரிய அறையையே கன்று வைக்கிற இடமா மாத்திப்போட்டு. கலகம் முடிஞ்ச கையோட அவ்வளவத்தையும் கடலுக்குள்ள எறிஞ்சுபோட்டாங்கள்.

எனக்குக் குறை என்னெண்டால், அந்தக் கன்று ஆருக்கு எண்டு படங்கள் ஆறுதலாக் கதைக்கிறேல்லை. மேற்கிந்தியத் தீவுகளில கரும்புத் தோட்டத்து அடிமையளுக்கு மலிவாச் சாப்பாடு போடத்தான் இவ்வளவு ஓட்டமும். ப்ளை பிறகு ப்ராவிடன்ஸ் எண்ட கப்பலில திரும்பப் போய் 1793ல செயின்ட் வின்சென்டுக்கும் ஜமைக்காவுக்கும் கொண்டுபோய்க் குடுத்தவர். கொண்டுபோயும் என்ன, அந்தச் சனம் முதல்ல அதை வாயில வைக்கேல்லை. அம்மாக்கு அதுதான் விளங்கேல்லை, தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கத் தெரியாமப் போச்சாக்கும் எண்டவா.

*

ஐயோ ஈரப்பலான்னதும்தான் எனக்கு விளங்குச்சு! நான் ஏதோ ரொட்டிப் பழம்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்பாகிட்ட இதைக் காட்டுனேன், "ஏல, நம்ம பழைய வீட்டுப் பின்னால நின்னுச்சே கடச்சக்கை, அதுக்கால இம்புட்டு சண்டை"ன்னு சிரிக்குறாரு. தூத்துக்குடி அண்ணன் சொன்ன தேங்காய்க் கதையை வாசிச்சதும் மட்டும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அவரு வேலை பாத்த இடத்துலயும் அந்த மாதிரி ஒரு மேனேஜர் உண்டு. இந்த ஞாயித்துக்கிழமை 84ல வந்ததைப் போடச் சொல்லிருக்காரு, கரண்ட் இருந்தா பாத்துட்டு வந்து எழுதுறேன்.