புதுப்பிப்பு: தம்பி கல்யாணம் நல்லபடியா முடிந்தது

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவரான என் தம்பி தன் கல்யாணத்தைத் தானே நடத்தலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நடத்தவில்லை. பக்கத்துச் சேகரத்து (சபை வட்டாரத்து) ஐயர்தான் நடத்தி வைத்தார்; குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்.

பலர் 1872 ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைக் காட்டினீர்கள். எனக்குப் பட்ட காரணம் ஆராதனை முறையிலேயே இருக்கிறது. இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று குரு கேட்க, மாப்பிள்ளை பதில் சொல்ல வேண்டும். தன்னையே எப்படிக் கேட்பது? குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குரு இல்லாமலே மணக்கிறார்கள். நம் வழக்கம் அதுவல்ல.

எத்தனையோ பேருக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவன், வாங்கும்போது கை நடுங்கிவிட்டது. பதிவேட்டில் பேனா பழக்கதோஷத்தில் குருவானவர் கையெழுத்திடும் இடத்துக்கே போனது. ஐயர் விரலை வைத்து மணமகன் கட்டத்தைக் காட்டினார். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.